அளக்காத பதினான்கு மாதம்

போன மாதம் ஒரு காலையில் கௌசல்யா போன் செய்தாள். நரிக்குடிப் பக்கம் நான் பார்த்த கிராம சுகாதார செவிலியர் வேலையை இப்போது பார்க்கிறவள் அவள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் ஒரு சந்தேகம் என்றால் எனக்குத்தான் போன் வரும். எனக்கும் அதில் ஒரு பெருமை. அன்றைக்கு வந்த சந்தேகம் இது: ஏழு மாதக் குழந்தை ஒன்றின் நீளத்தைச் செல்போனில் ஏற்ற வேண்டும். தாயும் பிள்ளையும் வெளியூர் போயிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்கிறதாம் செல்போன்.

“என்னக்கா போடட்டும்?” என்றாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. “போன மாசத்தோட ஒன்றரை கூட்டிப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அரிசியை உலையில் போட்டபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். “அத அப்பயே ஏத்திட்டேன்க்கா. இனிமே மாத்த முடியாது. அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்” என்றாள். அவள் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தப்பட அவளுக்கு என்ன இருக்கிறது? அனுபவசாலி சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறாள்.

முப்பத்தொரு வருட வேலை என் நாக்கில் மிச்சம் வைத்துவிட்டுப் போன பதில் அதுதான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், “உங்க அனுபவத்தச் சொல்லுங்கக்கா” என்று கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கரைபுரண்ட கண்மாயைக் கடந்து தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் சுமந்துபோன கதையைச் சொல்லி வந்தேன். கேட்க நன்றாக இருக்கும். சொல்ல வேண்டிய கதை அது இல்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரைப் பக்கம் ஒன்றரை வருடம். ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், ரெஜிஸ்டர் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் சொன்னது எனக்கு நன்றாக வந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் என் ரெஜிஸ்டரைத்தான் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

எனக்கு ஐந்து ஊர். ஒற்றை அறைத் துணை சுகாதார நிலையம். சுற்றிலும் சீமைக்கருவேலம். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கரிமூட்டம். அந்த ஜனங்கள் பிள்ளைகள் மேல் பாசம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காய்ச்சல் என்றால் வேகாத வெயிலில் நான்கு மைல் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஆனால் காய்ச்சல் இல்லாத பிள்ளையை மாதம் ஒரு தடவை காட்டு என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். “நல்லா இருக்கிற புள்ளைய எதுக்கு நர்சம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்?” இந்தக் கேள்வியை நான் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும், நோய்க்காரர்கள் நடுவே பிள்ளையை உட்கார்த்தி வைக்க வேண்டும். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் நான்.

பதில் என்னவென்று எனக்குக் காட்டியவர் ஒரு குழந்தைகள் டாக்டர். அருப்புக்கோட்டையிலிருந்து மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

அவர் பிள்ளையைப் பார்க்கிற முறை வேறு. வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை எடுக்க மாட்டார். தரையில் பாயை விரித்து, பிள்ளையின் துணி முழுவதையும் அவிழ்க்கச் சொல்வார். அரைஞாணில் கோர்த்த தாயத்தை மட்டும் விட்டுவிடுவார். பிறகு கொஞ்ச நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பிள்ளை எந்தக் கையை முதலில் நீட்டுகிறது, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, அம்மா எழுந்தால் தேடுகிறதா. தாயிடம் இரண்டே கேள்வி கேட்பார். பிள்ளை எதற்குச் சிரிக்கும்? போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறது? அதற்கு அப்புறம்தான் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையைத் தொடுவார். முதலில் நீளம், அடுத்துத் தலைச்சுற்றளவு, கடைசியில்தான் எடை. நாங்கள் எல்லோரும் எடையை மட்டும் எழுதிப் பழகியவர்கள். எடை ஏறியிருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. உடம்பு ஊதினாலும் எடை ஏறும், எலும்பு வளராமல் நீளம் ஏறாது என்று அவர் சொன்னார். அரசாங்கம் கொடுத்த தடுப்பூசி அட்டையில் ஓரமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மாதா மாதம் நீளம் எழுதக் கட்டம் போடச் சொன்னார். நான் சிவப்பு மையில் அழகாகப் போட்டேன்.

அதன் பலனையும் கண்ணால் கண்டேன். வீரசோழனில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வீட்டுப் பையன். கொழுகொழுவென்று இருப்பான், ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று மாதம் தொடர்ந்து தலையை அளந்ததில் டேப்பு சொன்ன கணக்கு மட்டும் கொஞ்சம் வேகமாக ஏறியது. டாக்டரம்மா அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். தலையில் நீர் கோத்திருந்தது, ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். என்னைப் பார்த்தால் பைக்கை நிறுத்தி, “எங்க போறீங்க, ஏறுங்க” என்பான். நல்லா இருக்கிற பிள்ளையை ஏன் தூக்கி வர வேண்டும் என்பதற்கு அவனே பதில். அந்தப் பதில் என் கையில் இருந்தும்தான் இவ்வளவும் நடந்தது.

குழந்தையின் நீளத்தை அளக்க ஒரு பலகை வேண்டும். மூன்றடி நீளம். ஒரு முனையில் நிமிர்ந்த கட்டை. அதில் தலை முட்ட வேண்டும். காலடியில் இன்னொரு கட்டை, முன்னும் பின்னும் நகரும். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதத்தில் படுகிறமாதிரி கட்டையை நகர்த்தி அளவு பார்க்க வேண்டும். உள்ளூரிலேயே ஒன்று செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. தச்சுவேலைக்கு எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சவரிமுத்து ஒருவர்தான். என் ஐந்து ஊர்களில் ஒன்றில், மாதா கோவில் தெருவில் இருந்தார். கதவும் ஜன்னலும் செய்வார். ஆனால் சுற்றுவட்டாரக் கிறிஸ்தவர்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் பெட்டி செய்கிறவரும் அவர்தான்.

நான் சொன்னதைக் கேட்டு அளவெல்லாம் குறித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டார். பிள்ளைகளைக் கிடத்தி அளக்க என்றேன். இழைப்புளியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நாலு நாளில் பலகை வந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலை. பிள்ளைக்குச் சிலாம்பு ஏறக்கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார். மூலைகளை எல்லாம் மழுக்கியிருந்தார். ஆனால் பெட்டி செய்து மிஞ்சிய வேப்பம்பலகை அது. தெருவுக்கே அது தெரியும்.

அவர் பெட்டிக்கு அளவெடுப்பது கயிற்றில். செத்தவரைப் படுக்க வைத்திருக்கிற இடத்துக்குப் போய், உச்சந்தலையிலிருந்து பாதம்வரை கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டு எடுத்து வருவார். பிறகு அந்தக் கயிற்றையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். படுத்த உடம்பை அளப்பது அதற்கு மட்டும்தான். உயிரோடு இருக்கிற ஆளைப் படுத்தவாக்கில் அளக்கவே கூடாது என்பது அந்தத் தெருவில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்துத் தெரு இந்துக்களும் அப்படித்தான். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான், எனக்கும் தெரியும். தெரிந்தும் பெட்டி செய்கிறவரிடம் போய், பெட்டிப் பலகையில், பிள்ளைகளைக் கிடத்த ஒரு சாமான் செய்து வாங்கிக்கொண்டு வந்தவள் நான். இந்தப் புத்திசாலித்தனத்துக்கு யாரைக் குறை சொல்ல?

அடுத்த எடை போடும் நாளில் பால்வாடி வாசலில் தாய்மார்கள் பலகையைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தோளோடு அணைத்துக்கொண்டார்கள். எடை எத்தனை தரம் வேண்டுமானாலும் போடுங்கள், இதில் மட்டும் கிடத்த மாட்டோம் என்றார்கள். பால்வாடி டீச்சரே பலகையின் தலைப்பக்கத்தைத் தொட மறுத்துவிட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகச் சொல்வேன். டவுனில் வேறு பலகை வாங்கியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். நான் பலகையைத் துணை நிலையத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தேன். கொஞ்ச நாளில் அதன்மேல் விளக்குமாறு ஏறியது.

கட்டம் காலியாக இருந்தால் என் கண்ணுக்கு உறுத்தும். ரெஜிஸ்டர் அழகாக இருக்க வேண்டுமே. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அளந்த நீளம் இருக்கும். முதல் மூன்று மாதம் மூன்று மூன்று சென்டிமீட்டர் கூட்டுவேன். அடுத்த மூன்று மாதம் இரண்டிரண்டு. அப்புறம் ஒன்றரை. என் கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சீராக வளர்ந்தார்கள். அதிகாரிகள் பாராட்டினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் என் பொய்யைப் பொருட்படுத்தாமல் தாமாக நன்றாகவே வளர்ந்தும் விட்டார்கள்.

மிச்சம் ஒன்று, சவரிமுத்துவின் மகள் ரோஸ்லின்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவருக்கும் அமலிக்கும் பிறந்த பிள்ளை. அமலி களையெடுக்கப் போகிற பெண். கெட்டிக்காரி, நாலு வார்த்தை பேசினால் இரண்டு கிண்டலாக இருக்கும். பிள்ளையைப் பற்றிக் கேட்டால் மட்டும் கிண்டல் போய்விடும். “எம்புள்ள அழுகவே அழுகாது நர்சம்மா. போட்டது போட்ட இடத்துல கிடக்கும். வேலைவெட்டி பாக்க விடுற தங்கம்” என்பாள். நானும் கூடச் சேர்ந்து மெச்சினேன். மற்ற தாய்மார்களிடம், பிள்ளை என்றால் அமலி பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லியும் இருக்கிறேன்.

நான் பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். நாக்கு உதட்டுக்கு வெளியே லேசாக நீட்டியபடியே இருக்கும். தொப்புள் புடைத்திருக்கும். தோல் வறண்டு, தொட்டால் சில்லென்று இருக்கும். அழுதால் தொண்டை கட்டினமாதிரி சத்தம் வரும். ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை அப்படித்தான் போகும், தொப்புள் போகப் போகச் சரியாகிவிடும், அப்பாவும்தான் வாய் திறக்காத ஆள். ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை. குண்டாக இருக்கிறது, அதான் என்றேன். எடையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா வருகிற வியாழக்கிழமைக்கு ஒரு தடவையாவது தூக்கிப் போ என்று நானும் வற்புறுத்தவில்லை. நல்லா இருக்கிற பிள்ளை. அட்டையில் பதினான்காவது மாதத்துக்கு எழுபத்தாறு என்று எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் அமலிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல்மில்லில் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். பிள்ளையைச் சவரிமுத்துவின் தங்கை பார்த்துக்கொண்டாள். மில்லுக்குப் போய் மூன்றாவது வாரம், சளி விடவில்லை என்று, ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ரோஸ்லினை டாக்டரம்மாவிடம் தூக்கி வந்தாள்.

டாக்டரம்மா பாயில் கிடத்தி, வழக்கம்போலத் தொடாமல் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். அட்டையை வாங்கிப் படித்தார். பிறகு தன்னுடைய பலகையை எடுத்து, என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னார். அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் என்பதால் தடுக்கவில்லை. அளந்தார். கட்டையைத் தள்ளிவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். அறுபத்து மூன்று.

அமலி முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு எழுதி அன்றைக்கே ரத்தம் எடுத்து அனுப்பினார். அமலி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, “இந்த எழுபத்தாறு எங்கருந்து வந்துச்சு சிஸ்டர்?” என்று கேட்டார்.

நானாகப் போட்டேன் என்றேன். எத்தனை மாதமாக என்றார். எல்லா மாதமும் என்றேன். பலகைக் கதையையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அட்டையில் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

“காலியா விட்டிருந்தா நான் கேட்டிருப்பேன்ல” என்றார்.

ரத்தச் சோதனை வந்தது. பிறவியிலேயே தைராய்டு சுரப்பி வேலை செய்யாத குறை. தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் மற்றப் பிள்ளைகளைப்போல வளர்ந்து படித்திருப்பாள். பிந்திக் கொடுத்தால் உடம்பு வளரும். மூளை இழந்த மாதங்கள் திரும்பி வராது. டாக்டரம்மா இதை அவர்களுக்குப் பக்குவமாகச் சொன்னார். அறுபத்து மூன்றை அவர் அட்டையில் ஏற்றவில்லை; என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அட்டையில் எழுதியதை நான்தான் திருத்த வேண்டும், அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் திருத்த வேண்டும் என்றார். சரி என்றேன். மூன்று மாதத்தில் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை. நான் சொல்லவில்லை.

மாத்திரையில் பிள்ளை வளரத் தொடங்கியது. நின்றது, நடந்தது. பத்து மாதம் கழித்து, யாரோ சொன்னார்கள் என்று டவுனில் இன்னொரு டாக்டரிடம் காட்டப் போனார்கள். அவர் அளந்து பார்த்தார், எழுபத்தாறரை. அட்டையைப் பார்த்தார். பதினான்கு மாதத்தில் எழுபத்தாறு. பதினான்கு மாதம்வரை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் நின்றுபோயிருக்கிறது, அப்போது என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். அட்டையில் இருந்ததை வைத்து அவர் சரியாகத்தான் கேட்டார். பத்து மாதத்தில் அந்தப் பிள்ளை பதின்மூன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது என்பது எனக்கும், போய்விட்ட டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் சவரிமுத்து துணை நிலையத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அந்த ஒரு தடவைதான். கதவுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். அட்டையை மேஜைமேல் வைத்தார்.

“பதினாலு மாசம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு நர்சம்மா? நீங்கதான மாசாமாசம் எழுதுனீக.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கதவுக்குப் பின்னால் சாட்சியே நின்றது. எனக்குச் சஸ்பெண்ட் ஆகிவிடும் என்ற பயம்; மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். “ஆமா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினைந்தாவது மாதத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். அமலி மில்லுக்குப் போனாள். தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் போனாள். பிறவிக் குறை என்று டாக்டர் சொன்னதெல்லாம் அவருக்குப் புரியவில்லை, அட்டை புரிந்தது. அமலிக்கும் அட்டைதான் புரிந்தது. அடுத்த வாரமே மில்லை விட்டாள். அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறு வை, கதவைச் சாத்து என்பதற்குமேல் பேசவில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன், ஆறிவிடும் என்று நினைத்தேன். பத்து வருடம் அப்படியே ஓடியது. நான் மாதா மாதம் அந்தத் தெருவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அமலியின் கிண்டல் எந்த வருடம் நின்றது என்று எனக்கு நினைவில்லை. மாத்திரை தீரும் முன்னே வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். நல்ல நர்சம்மா என்று அவர்கள் என்னைச் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் சவரிமுத்து பட்டறையிலேயே நெஞ்சுவலி வந்து சாய்ந்துவிட்டார். அவருக்குப் பெட்டி அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது. அமலியின் அண்ணன் கயிறு பிடித்து அளந்தபோது நான் அந்த வீட்டுக்குள்தான் நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

கௌசல்யாவிடம் பேசிய மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். முதலில் கௌசல்யாவைப் பார்த்து, அந்த ஏழு மாதப் பிள்ளை ஊர் திரும்பியதும் அன்றைக்கே போய் அளக்க வேண்டும், அளக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று மேலே சொல்ல வேண்டும் என்றேன். “செல்போன் ஏத்துக்கிறாதேக்கா” என்றாள். டாக்டரிடம் வாயால் சொல் என்றேன். சரி என்றாள். நான் டாக்டரம்மாவிடம் சொன்ன அதே சரி. அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடியும்?

அங்கிருந்து அமலி வீட்டுக்குப் போனேன். ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வயது பதினைந்து. பெரிய வெங்காயம் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பாள். அதற்குமேல் ஒரு வேலை சேர்த்துச் சொன்னால் குழம்பிவிடுவாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பலகையில் தொடங்கி, எழுபத்தாறு, அறுபத்து மூன்று, சவரிமுத்து வந்து கேட்டது, நான் ஆமா என்று சொன்னது. நீ மில்லுக்குப் போனதால் ஒன்றும் ஆகவில்லை, பிறந்த நாளிலிருந்தே இருந்த குறை, நான் அளந்திருந்தால் இரண்டு மூன்று மாதத்திலேயே தெரிந்திருக்கும் என்றேன். முடித்ததும் அமலியின் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். எழுந்துபோய்த் துணி வைக்கிற டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். நான் போட்ட சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை.

“இத அவுக இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா நர்சம்மா” என்றாள்.

ரோஸ்லினின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். அடித்து எழுதுங்கள் என்றாள். பிறந்த நாள் கட்டம் ஆஸ்பத்திரியில் அளந்தது, அதை விட்டுவிட்டேன். மற்றப் பதினான்கு கட்டத்திலும் எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதினேன். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல் மாணலாக வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய அசிங்கமான பக்கம் அதுதான். உண்மையானதும் அது ஒன்றுதான்.

அமலி அட்டையை வாங்கிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த சவரிமுத்துவின் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிறமாதிரி விரல் வைத்து, ஒன்றாம் மாசம் அளக்கவில்லை, ரெண்டாம் மாசம் அளக்கவில்லை என்று பதினான்கு மாதத்தையும் ஒன்று விடாமல் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு அட்டையை மடித்தாள்.

“கேட்டீகளா” என்றாள் போட்டோவைப் பார்த்து. “நான் மில்லுக்குப் போனதால இல்ல. இப்பவாச்சும் ஒரு வார்த்தை பேசுங்க.”